அறுபத்தொன்று காட்டிய வெறுங்குழாய்

1981 ஏப்ரல் 13, திங்கட்கிழமை, விடியற்காலை 5 மணி 40 நிமிடம். சேலம் ஜங்ஷனில் இறங்கினேன். வானத்தில் மேகம் இருந்தது. மழை தரும் மேகம் அல்ல, புழுக்கத்தை மூடி வைக்கும் மேகம். சட்டைப் பைக்குள் வைத்திருந்த சிறிய வெப்பமானி 29 டிகிரி காட்டியது. கோலாலம்பூரில் இதே நேரத்துக்கு 24தான் இருக்கும். பிற்பகலில் தவறாமல் ஒரு மழையும் உண்டு.

கையில் மூன்று உருப்படிகள். ஒரு பெட்டி, ஒரு துணிப்பை, ஒரு பிஸ்கட் டின். டின்னுக்குள் நான்கு கைத்துண்டுகள், அவற்றின் நடுவே என் நடுவிரல் நீளத்துக்கு ஒரு பாதரச விளக்கு. அதைக் கொண்டுவந்து சேர்ப்பதற்காகத்தான் அறுபத்தேழு வயதில் கடல் தாண்டி வந்திருந்தேன். சென்னையில் சுங்க அதிகாரி நான்கு துண்டுகளையும் பிரித்துப் பார்த்துவிட்டு, "பிஸ்கட் எங்கே?" என்று கேட்டார். சாப்பிட்டாயிற்று என்றேன். அவருக்கு அதில் வருத்தம்தான்.

நான் பிறந்தது மலாயாவில். என் பெற்றோர் ராசிபுரம் பக்கத்துக்காரர்கள். கோலாலம்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருபத்தேழு வருடம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றேன். அதில் பத்தொன்பது வருடம் ஒரே கருவியோடு வாழ்ந்தேன். என் மனைவியின் தங்கை மகன் குழந்தைவேல் நாமக்கல் அருகே ஒரு கோழி ஆராய்ச்சி நிலையத்தில் கால்நடை மருத்துவர். அவனிடம் இருப்பதும் அதே வகைக் கருவி. விளக்கு போய்விட்டது, இங்கே கிடைக்கவில்லை, பெரியப்பா எப்படியாவது உதவ வேண்டும் என்று பிப்ரவரியிலிருந்து நான்கு கடிதம் போட்டிருந்தான். நான்காவது கடிதத்தில், ஏப்ரல் 20ஆம் தேதி தேர்வாளர் நேரில் வந்து கருவியைப் பார்க்கப் போகிறார், ஆறு வருட முனைவர் பட்ட ஆராய்ச்சி அந்த ஒரு நாளில் நிற்கும் அல்லது விழும், இனி தவணை நீட்டிக்க மாட்டார்கள் என்று எழுதியிருந்தான். எழுத்து சாய்ந்திருந்தது. தூங்காத ஆளின் எழுத்து.

ஸ்டேஷனுக்கு எதிரே ஆறு இட்லி, ஒரு வடை, இரண்டு காபி. இட்லி எங்களூர் இட்லியில் பாதி கனம், இரு மடங்கு ருசி. சட்னி கேட்காமலே மூன்று முறை ஊற்றினார்கள். மூன்றாவது முறை தட்டை மூடினேன். "கூச்சப்படாதீங்க சாமி" என்று சொல்லி என் கையின் மேலேயே ஊற்றிவிட்டார் பரிமாறியவர்.

நாமக்கல் பஸ்ஸில் டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு விவசாயி, மடியில் ஒரு சேவல். அவர் டின்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"டப்பாவுல என்னுங்க?"

"விளக்கு."

"ஒரு வெளக்குக்கு இந்தக் காவலா? எங்கூட்டுல பதினொண்ணு எரியுது. ஒண்ணுக்கும் நான் மடி குடுத்ததில்லீங்க."

வழி நெடுக 17 நிறுத்தம். போர்டில் இருந்தவை 9. மீதி எட்டும் டிரைவருக்குத் தெரிந்தவர்களின் வீட்டு வாசல்.

மதியம் நிலையத்துக்குப் போனேன். குழந்தைவேலுக்கு முப்பத்தெட்டு வயது. ஆனால் காதோரம் முழுக்க நரை. என் காலில் விழுந்து எழுந்ததும் டின்னைத்தான் வாங்கினான்.

அவன் ஆராய்ச்சியை வாசகர்களுக்கு நான்கு வரியில் சொல்லிவிடுகிறேன். வெயில் ஏறினால் இந்தப் பக்கத்துக் கோழிகள் முட்டையிடுவதைக் குறைத்துக்கொள்கின்றன. அப்போது கோழியின் மூளைக்குள் என்ன மாறுகிறது என்பது கேள்வி. ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் சேதி சொல்லச் சில ரசாயனங்களைப் பயன்படுத்துகிறது. செரட்டோனின் அவற்றில் ஒன்று. ஒரு கோழி மூளையில் உள்ள செரட்டோனினை எந்தத் தராசும் நிறுக்காது. ஆனால் வெளிச்சம் நிறுக்கும். மூளையை அரைத்து, அந்தப் பொருளைப் பிரித்தெடுத்து, ஒரு மருந்து சேர்த்து, கொதிக்கும் நீரில் பத்து நிமிடம் வைத்தால், அது கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கிக்கொண்டு நீல ஒளியாகத் திருப்பித் தரும். நீலம் எவ்வளவோ சரக்கும் அவ்வளவு. கருவி அந்த நீலத்தை அளந்து, பூஜ்யத்திலிருந்து நூறு வரை ஒரு முள்ளால் காட்டும்.

அளப்பதற்கு முன் ஒரு சடங்கு உண்டு. மூளையே சேர்க்காமல் மற்ற மருந்துகளை மட்டும் விட்ட ஒரு குழாயை வைத்துப் பார்க்க வேண்டும். அதை வெறுங்குழாய் என்போம். அதில் முள் இரண்டு அல்லது மூன்றில் நிற்க வேண்டும். குழந்தைவேலின் கருவியில் வெறுங்குழாய் 58 காட்டிக்கொண்டிருந்தது. மூளை உள்ள குழாய் 70. காலியான தராசே ஐந்து கிலோ காட்டினால் கடைக்காரர் என்ன செய்வார்? விளக்கு பழசாகிவிட்டது என்று அவன் முடிவு கட்டியிருந்தான்.

புது விளக்கை மாட்டினேன். அரை மணி நேரம் சூடாக விட்டேன். வெறுங்குழாயை வைத்தேன்.

முள் 61இல் நின்றது.

குழந்தைவேல் முக்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். திரும்பப் போட்டான். திரும்பக் கழற்றினான்.

நான் சந்தேகங்களை வரிசையாக எழுதினேன். மின்னழுத்தம், காய்ச்சி வடித்த நீர், மருந்து, ஒளியை வடிகட்டும் கண்ணாடி. அக்கம்பக்கத்துக் கிணற்று மோட்டார்கள் ஓடும்போது 230 இருக்க வேண்டிய மின்னழுத்தம் 180க்கு இறங்கியது. மோட்டார் நின்றதும் ஏறியது. மற்ற மூன்றையும் மாற்றிப் பார்த்தோம். முள் மட்டும் 61ஐ விட்டு நகரவில்லை. ஐந்தாவது சந்தேகம் கண்ணாடிக் குழாய்கள். ஆனால் அவற்றைப் பார்த்ததும் அந்த வரியை நானே அடித்துவிட்டேன். இருபத்தேழு வருடத்தில் அப்படிப் பளபளக்கும் குழாய்களை நான் கண்டதில்லை. இங்கத்துத் தண்ணீரில் உப்பு அதிகம். எந்தக் கண்ணாடி டம்ளரை எடுத்தாலும் வெள்ளைப் படலம் இருக்கிறது. குழாய்களில் அது துளியும் இல்லை.

"யார் கழுவுவது?"

"மாராயி அக்காங்க. பத்து வருசமா இங்கதான் இருக்கறாங்க."

ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி எட்டிப் பார்த்தார். எப்படிக் கழுவுகிறீர்கள் என்று கேட்டேன்.

"சோப்புப் போட்டு, தேச்சு, துணியாட்டம் நல்லா அலசிருவேனுங்க."

நல்ல வேலை என்று பாராட்டினேன். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டிருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும்.

மறுநாள், செவ்வாய், வருடப்பிறப்பு. நிலையத்துக்கு விடுமுறை. குழந்தைவேலின் மனைவி சரசு வேப்பம்பூவும் மாங்காயும் வெல்லமும் போட்டுப் பச்சடி செய்திருந்தாள். ஒன்பது பலகாரம் எண்ணினேன். எனக்கும் அவள் புருஷனுக்கும் ஆளுக்கொரு புது வேட்டி. நான் கால்சட்டைக்காரன், வேட்டி கட்டிப் பதினான்கு வருடம் ஆகிறது. வேட்டியின் வெள்ளை கண்ணைக் கூசச் செய்தது.

"பெல்ட் போட்டுக்குங்க பெரியப்பா," என்றாள் சரசு. "நடுத்தெருவுல அவுந்தா மலேசியாவுக்கே கெட்ட பேரு."

பண்டிகை நாளில் சும்மா இருக்க எனக்கு வராது. மூன்று மணிக்குக் குழந்தைவேலை இழுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனேன். அவனுக்கும் வர மனமில்லை, வீட்டில் இருக்கவும் மனமில்லை. கருவி இருப்பது ஜன்னல் இல்லாத அறை. வெளிச்சம் ஆகாத மருந்துகளும் அங்கேதான். புது விளக்கு தன் இடத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, மேல் மூடியைக் கழற்றினேன். அறை விளக்கை அணைக்கச் சொன்னேன். கருவியின் பக்கவாட்டுத் திறப்பு வழியாகப் புற ஊதா ஒளி வெளியே விழுந்தது. அது கண்ணுக்குத் தெரியாது என்று மேலே சொன்னேன் அல்லவா?

குழந்தைவேல் சொன்னான். "பெரியப்பா, உங்க வேட்டி எரியுது."

நான் பதறிக் குனிந்தேன். நெருப்பு இல்லை. இடுப்புக்குக் கீழே நான் ஒரு நீல வெள்ளை விளக்காக இருந்தேன். அவன் வேட்டியும் அப்படியே. என் கோலாலம்பூர் பனியன் கறுப்பாகக் கிடந்தது. தோளில் இருந்த பழைய துண்டும் கறுப்பு. இரண்டு வேட்டிகள் மட்டும் ஆள் இல்லாமல் நிற்பதுபோல் இருட்டில் நின்றன.

சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கையை நீட்டி, கழுவி அடுக்கியிருந்த குழாய்களில் ஒன்றை எடுத்து அந்த ஒளியில் காட்டினேன். காலிக் குழாய். அதன் உட்சுவர் முழுக்க வேட்டியின் அதே நீலம்.

இரண்டு பேரும் சிரிப்பை நிறுத்தினோம்.

மாராயி நிலையத்துக்குப் பின்னால் பத்து நிமிட நடையில் இருக்கிறார். குழந்தைவேல் போய் அழைத்துவந்தான். பண்டிகைச் சேலையோடு வந்தார்.

"அம்மா, சோப்புப் போட்டு அலசின பிறகு வேறு ஏதாவது செய்வீர்களா?" என்று கேட்டேன்.

"வேறொண்ணும் இல்லீங்க. கடைசி முக்கு முக்கி எடுத்துருவேன்."

"எதில்?"

"வெள்ளைப் பொடியிலதானுங்க. எங்கூட்டுக்காரரு ஜலகண்டாபுரத்துல வேட்டி வெளுக்கற பட்டறையில இருக்கறாரு. எத்தனை வெளுத்தாலும் வேட்டிக்குக் கடைசியா அந்தப் பொடித் தண்ணியில ஒரு முக்கு வேணும். இல்லாட்டி மஞ்சளாத் தெரியும். கொழாயெல்லாம் உப்புத் தண்ணியில மங்கிப் போச்சுங்களா, டாக்டர் தம்பி பாவம் மொகத்தைச் சுளிப்பாரு. அதான் நானே எங்காசுல வாங்கி…"

எங்கள் முகத்தைப் பார்த்து அவர் பேச்சு நின்றது. பிறகு மெதுவாக, "ஏனுங்க, தப்புங்களா?" என்றார்.

அந்தப் பொடி அழுக்கை எடுப்பதில்லை. புற ஊதா ஒளியை வாங்கி நீலமாகத் திருப்பித் தந்து துணியைப் பளீரென்று காட்டுகிறது, அவ்வளவுதான். செரட்டோனினிடம் நாங்கள் எதிர்பார்க்கும் அதே வேலை. கருவிக்கு வேட்டியும் தெரியாது, மூளையும் தெரியாது. அதற்கு நீலம் மட்டும் தெரியும். எங்கள் கோலாலம்பூர் ஆய்வுக்கூடத்தில் குழாய் கழுவும், எதையும் கரி போட்டே தேய்க்கும் சீனக் கிழவி இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. இந்த ஊரில் வெள்ளை என்றால் சுத்தம். வெள்ளைக்கு ஒரு பொடி உண்டு. பொடி அறிந்தவர் குழாய் கழுவுகிறார். வேறெங்கும் இந்த மூன்றும் சேராது.

"எப்பயிருந்து அக்கா?" என்றான் குழந்தைவேல். அவன் நோட்டுகள் ஆறு வருடத்தவை.

மாராயி யோசித்தார். "எம்மவ கல்யாணத்துக்குத் துணி வெளுத்து மீந்த பொடியிலதான் ஆரம்பிச்சனுங்க. இந்தத் தையில, சனவரி இருபத்தாறாந் தேதி கல்யாணம்."

நோட்டைப் புரட்டினோம். வெறுங்குழாய் 3, 2, 3, 2 என்று வருடக்கணக்காக நின்றிருந்தது. பிப்ரவரி முதல் வாரத்தில் 19. பிறகு 34, 47, 58. பொடி கண்ணாடியில் ஏற ஏற எண்ணும் ஏறியிருக்கிறது. அதற்கு முந்தைய பக்கங்களுக்குச் சேதமில்லை. கெட்டது கடைசி 36 கோழிகள். ஆனால் அவைதான் இந்த வருட வெயில் கோழிகள். ஒப்பிட அவை இல்லாவிட்டால் ஆராய்ச்சிக்கு முடிவே இல்லை. தேர்வாளர் வர ஆறு நாள்.

மாராயி சுவரோடு சாய்ந்து நின்று அழத் தொடங்கினார். "என்னை நிறுத்திப்புடுவீங்களா தம்பி?"

"கெட்டுப்போன கோழிக் கணக்கைத்தான் நிறுத்தறோம் அக்கா, உங்களை யாரு நிறுத்தறாங்க," என்றான் அவன். அது சரியான பதில் இல்லை. ஆனாலும் அவர் அழுகை நின்றது.

புதன் காலை சேலம். பழைய குழாய்களை நம்ப நான் தயாராக இல்லை. புதுக் குழாய் 72, நைட்ரிக் அமிலம் இரண்டு பாட்டில் வாங்கினோம். அப்படியே செவ்வாய்ப்பேட்டைக்குப் போய், மாராயி சொன்ன கடையில் அந்தப் பொடியைப் பற்றிக் கேட்டோம். ஒன்றேகால் வண்டி அகலச் சந்து. எதிரே மூட்டை வண்டி, பின்னால் ஆட்டோ, நடுவில் நான். கடைக்காரர் ஒரு பாய். வெள்ளை ஜிப்பா, வெள்ளைத் தொப்பி, வெள்ளைத் தாடி.

"இதைக் கண்ணாடி கழுவ விடலாமா பாய்?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "துணிக்கு மட்டும்னு சீட்டுல போட்டிருக்கு பாருங்க. முப்பது வருசமா விக்கிறேன். கண்ணாடிக்குக் கேட்ட மொதல் ஆளு நீங்கதான்."

"நாங்கள் கேட்கவில்லை. ஏற்கெனவே செய்துவிட்டோம்."

"அப்பக் கடைசி ஆளும் நீங்களாவே இருங்க," என்று சொல்லி டீ வரவழைத்தார். "எத்தனை தண்ணி விட்டாலும் லேசில போகாது. அதுக்குத்தான ஜனம் காசு குடுக்குது."

திரும்பும்போது மல்லூர் தாண்டி பஸ் நின்றது. எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும் என்றார் கண்டக்டர். நான் இறங்கவில்லை. மடியில் 72 குழாய்.

"பெரியவரே, எறங்குங்க. பொம்பளைங்களே எறங்கிட்டாங்க."

"கண்ணாடி வைத்திருக்கிறேன்."

"மூக்குல ஒண்ணு போதாதுங்களா?"

பஸ் முழுக்கச் சிரித்தது. கடைசியில் என்னையும் பெட்டியையும் சேர்த்தே தள்ளினார்கள். வண்டி உறுமிக் கிளம்பிய குலுக்கலில் உடைந்தவை ஐந்து. மீதி 67. குழந்தைவேல் சட்டை முழுக்கப் புழுதியோடு ஏறி, முதல் முறையாக நன்றாகச் சிரித்தான்.

வியாழன் முதல் ஞாயிறு வரை நாளைக்கு ஒன்பது கோழி. நடுவில் வந்தது புனித வெள்ளி, அதுவும் அரசு விடுமுறை. காவலாளி எங்களுக்காகப் பூட்டைத் திறந்தார். பன்னிரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையே, கொட்டகைக்குள் 41 டிகிரி இருக்கும்போது கோழியை எடுக்க வேண்டும். மூளையை ஒரு நிமிடத்துக்குள் உறைய வைக்காவிட்டால் செரட்டோனின் கரைந்துகொண்டே போகும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் அதற்கென்றே 'டிரை ஐஸ்' என்னும் உலர்பனிக்கட்டி வரும். இங்கே குழந்தைவேல் பக்கத்து மாட்டாஸ்பத்திரியில் காளை விந்து பாதுகாக்கும் திரவ நைட்ரஜன் கேனிலிருந்து ஒரு கரண்டி கடன் வாங்கினான். யோசனை எனக்குப் பிடித்திருந்தது. கோலாலம்பூருக்கு எழுதிச் சொல்ல வேண்டும்.

தலை எங்களுக்கு, உடம்பு சரசுவுக்கு. அந்த நான்கு நாளில் கோழிக் குழம்பு, கோழி வறுவல், மிளகுக் கோழி, கோழிச் சாறு என்று எட்டு வேளை. நிலையத்தின் மற்ற குடும்பங்களுக்கும் கொடுத்தனுப்பினாள். சனிக்கிழமை பக்கத்து வீட்டம்மா பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, "நாளைக்கு ரசம் வெக்கறதா இருக்கறேங்க" என்று பக்குவமாகச் சொன்னார்.

மாராயியை அந்த நான்கு நாளும் பார்க்க வேண்டும். ரப்பர் கையுறையோடு குழாய்களை அமிலத்தில் ஊற வைத்து, குழாய்த் தண்ணீரில் ஐந்து முறை, காய்ச்சி வடித்த நீரில் ஏழு முறை. நான் எண்ணுவேன் என்று தெரிந்து அவரும் உரக்க எண்ணினார். ஆறில் நான் ஏதோ பேச்சுக் கொடுத்தபோது, "இருங்க சாமி, ஏழு முடியட்டும்" என்று என்னை அடக்கினார். வெறுங்குழாய் வியாழன் 3, வெள்ளி 2, சனி 2, ஞாயிறு 3.

வெயில் கோழிகளின் எண்ணும் வந்துவிட்டது. குளிர்மாதக் கோழிகளைவிடத் தெளிவாகக் குறைவு. குழந்தைவேல் ஆறு வருடமாகச் சந்தேகப்பட்டது அதுதான்.

ஞாயிறு மாலை ஒரு சிறு தகராறு. நோட்டில் கெட்டுப்போன 36 கோழிகளின் பக்கங்களுக்குக் குறுக்கே குழந்தைவேல் சிவப்புக் கோடு இழுத்து, ஓரத்தில் 'விளக்குக் கோளாறு' என்று எழுதிக்கொண்டிருந்தான்.

"பழைய விளக்கையும் போட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது," என்றேன்.

"தெரியுமுங்க பெரியப்பா. பொடின்னு எழுதுனா யாரு போட்டாங்கன்னு கேப்பாங்க. நிலையத்துத் தலைவரு அக்காவ வேலையை விட்டு அனுப்பிருவாரு."

"பொய் எழுதி நீ மாட்டினால்?"

மாராயி கழுவும் தொட்டியருகில் இருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. கையுறையைக் கழற்றிவிட்டு வந்தார்.

"வெளக்கு மேல பழி போடாதீங்க தம்பி. ஆறு வருசம் ஒழைச்சது நீங்க. நான் போட்டதை நான் போட்டேன்னு எழுதுங்க. அப்புறம் ஆகறது ஆகட்டும்."

அவன் பேனாவைத் திரும்பக் கையில் எடுத்தான். பிறகு இரண்டு வார்த்தைகளையும் அடித்து, நடந்ததை நடந்தபடி ஒரு பக்கத்துக்கு எழுதினான். எழுதியதை மாராயிக்குப் படித்தும் காட்டினான்.

திங்கட்கிழமை காலை 10.20க்குத் தேர்வாளர் வந்தார். புனாவிலிருந்து வந்த அம்மையார். அறுபது வயது இருக்கும். நரைத்த கொண்டை, ஆண்கள் கட்டும் கைக்கடிகாரம். ஆங்கிலம்தான் பேசினார். கூடவே நிலையத்துத் தலைவர். அவர் அந்த அறைக்குள் வந்ததே அன்றுதான் இரண்டாவது முறையாம்.

அம்மையார் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மணி பத்து நிமிடம் நோட்டுகளை மட்டும் படித்தார். சிவப்புக் கோட்டுக்கு வந்ததும் நின்றார். படித்தார். முன்பக்கம் போனார், பின்பக்கம் வந்தார். குழந்தைவேலின் கழுத்தில் வியர்வை இறங்கியது.

"இதைக் கண்டுபிடித்தது யார்?" என்று கேட்டார்.

"என் பெரியப்பாவின் வேட்டி," என்றான் குழந்தைவேல். ஆங்கிலத்தில் அது இன்னும் மோசமாக ஒலித்தது.

அவர் சிரிக்கவில்லை. "கழுவியவர் இன்னும் இங்கே வேலை செய்கிறாரா?"

தலைவர் முந்திக்கொண்டார். "நடவடிக்கை எடுக்கப் போகிறோம், மேடம்."

"நான் கேட்டது அது இல்லை. அவரைக் கூப்பிடுங்கள்."

மாராயி வந்து கைகூப்பினார். அம்மையார் எழுந்து, அலமாரியின் அடித்தட்டில் ஒதுக்கிவைத்திருந்த பழைய குழாய்களில், பொடி ஏறிய குழாய்களில், ஒன்றைத் தானே தேர்ந்தெடுத்தார். அதில் வெறும் மருந்தை விட்டு அளக்கச் சொன்னார். முள் 60இல் நின்றது. பிறகு அதே குழாயை மாராயியிடம் நீட்டினார்.

"இதை இப்போது கழுவச் சொல்லுங்கள். என் முன்னால். யாரும் உதவக் கூடாது. கழுவிய பிறகும் இது இப்படியே காட்டினால், புதிதாக அளந்த 36ஐயும் நான் நம்ப முடியாது."

மொழிபெயர்த்துச் சொன்னது நான். புதுக் குழாய் என்றால் எனக்குப் பயமில்லை. இது இரண்டரை மாதம் பொடி குடித்த குழாய். லேசில் போகாது என்று பாய் சொன்னது காதிலேயே இருந்தது.

மாராயி குழாயை வாங்கினார். அமிலத்தில் போட்டார். "எவ்வளவு நேரமுங்க உட்டுருக்காங்க?" என்று என்னிடம் கேட்டார்.

அம்மையார் கடிகாரத்தைப் பார்த்தார். "அவருக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு."

மாராயி அமிலத்தைத் தானே சூடாக்கினார். அதை நான் அவருக்குச் சொல்லித் தந்ததில்லை. பட்டறையில் ஏறிப்போன பொடியை எடுக்கக் காய்ச்சிய தண்ணீர்தான் போடுவார்களாம். நாற்பது நிமிடம் ஊறியது. தலைவர் இரண்டு முறை வெளியே போய் வந்தார். பிறகு குழாய்த் தண்ணீர் ஐந்து முறை. காய்ச்சி வடித்த நீர். ஒண்ணு, ரெண்டு என்று வாய்க்குள் எண்ணினார். ஏழில் நிறுத்தவில்லை. எட்டு, ஒன்பது. பத்தாவதில் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கவிழ்த்து வைத்தார்.

குழாய் உலர்ந்தது. மருந்து விட்டோம். பத்து நிமிடம் கொதி, ஐந்து நிமிடம் ஆறல். குழந்தைவேல் கருவியில் வைத்தான். நான் முள்ளைப் பார்க்கவில்லை. அம்மையாரின் முகத்தைப் பார்த்தேன். அவர் குனிந்து, கண்ணாடியை உயர்த்தி, இன்னும் குனிந்தார்.

"நான்கு," என்றார்.

அதன்பின் அவர் கேட்டதெல்லாம் சிறு கேள்விகள். பிற்பகல் 3.15க்குப் பேனாவைத் திறந்து ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டார். இரண்டு நிபந்தனை. சிவப்புக் கோட்டுப் பக்கங்கள் அப்படியே பின்னிணைப்பில் வர வேண்டும். கழுவும் முறை, காய்ச்சிய அமிலம் உட்பட, செய்முறைப் பகுதியில் வர வேண்டும். தலைவரிடம் திரும்பி, "இந்த அம்மா கழுவினால்தான் அடுத்த மாணவரின் எண்களையும் நான் நம்புவேன்" என்றார். தலைவர் தலையாட்டினார். எதற்கு ஆட்டினாலும் அவர் அப்படித்தான் ஆட்டுவார் என்றாலும், சாட்சிக்கு நான்கு பேர் இருந்தோம்.

எல்லாவற்றையும் நான் மாராயியிடம் தமிழில் சொன்னேன். அவர் கேட்டார்: "நாலுங்களா? மூணு வரலியா?"

அம்மையார் சைவம். எட்டு வேளைக்குப் பிறகு அந்தச் செய்தி எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லி மாளாது. ஆஞ்சநேயர் கோயில் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு அம்மையார், மாராயி, சரசு, நாங்கள் இருவர் என ஐந்து பேரும் போனோம். மாராயி வாசலிலேயே நின்று, ஊட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக்கறேனுங்க என்றார். சரசு அவர் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். தயிர்சாதம், வாழைக்காய் வறுவல், அப்பளம். குழந்தைவேலைக் காணோம். கை கழுவும் இடத்தில், குழாயைத் திறந்து விட்டுவிட்டு, முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டே நின்றான். பதினொரு முறை அடித்தான். பிறகு வந்து உட்கார்ந்து மூன்று பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டான்.

பில்லுக்கு அவன் கை நீட்டியபோது நான் முந்திக்கொண்டேன். ஏழு பேர் சாப்பாடு, காபியோடு 27 ரூபாய் 40 காசு. விமான டிக்கெட்டும் விளக்கின் விலையும் நீங்கலாக, உடைந்த ஐந்து குழாய் உட்பட, இந்தப் பயணத்தில் எனக்கு ஆன மொத்தச் செலவு 386 ரூபாய் 85 காசு.